ஆர்மேனிய ஊரில் என் மகளைப் பற்றி விசாரித்தது

ரொறொன்ரோவின் மல்வேர்னில் எங்கள் வலப்பக்கத்து வீட்டில் இருப்பவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடமாகப் பக்கத்தில் இருக்கிறோம். அவர்கள் வாசலில் ஒரு வெள்ளை வான் நிற்கும். பனிக்காலத்தில் அவர்கள் வழிக்கும் பனி எங்கள் பக்கத்தில் வந்து விழும். நான் கையை உயர்த்துவேன், அவர்களும் உயர்த்துவார்கள். இது இப்படி இருக்க, ஆர்மேனியாவின் வடக்கில், மலைகளுக்கு நடுவில், நாற்பத்தொரு வீடுகள் உள்ள ஓர் ஊரில் மேல்தெரு மூன்றாம் வீட்டு மாடு மார்கழியில் கன்று போட்டதும், கீழ்தெருவில் யார் யாருடன் பேசுவதில்லை என்பதும், தேவாலயக் கூரையில் எந்த மூலை ஒழுகும் என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த ஊருக்கு நான் போனதில்லை. என் மகள் அங்கே கணிதம் படிப்பிக்கிறாள்.

இங்கே பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து முடித்த பிள்ளை அவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புட்டைக் குழைத்தபடி, "அப்பா, நான் ஒரு வருஷம் ஆர்மேனியாவிலை படிப்பிக்கப் போறன்" என்றாள். கிராமத்துப் பள்ளிக்கூடங்களுக்கு வெளிநாட்டு ஆசிரியர்களை அனுப்பும் ஏதோ ஒரு திட்டமாம். புரட்டாதியில் தொடங்கி ஆனியில் முடியுமாம். நான் வாயில் இருந்ததை விழுங்க மறந்துபோனேன்.

மனைவி, "அங்கை குளிரோ?" என்று கேட்டாள்.

"இஞ்சை மாதிரித்தான் குளிர் அம்மா."

"அப்ப பழைய ஜக்கெட்டைக் கொண்டு போ."

அவளைப் பொறுத்தவரை ஆர்மேனியப் பிரச்சினை அத்துடன் தீர்ந்தது. எனக்கு அன்றுதான் தொடங்கியது.

என் சுபாவத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் நானும் சில காலம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். இங்கே மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் மாத்திரைப் போத்தல்களின் மூடிகளைச் சோதிக்கிறேன். ஓடிவரும் வரிசையில் இடையிடையே ஒரு போத்தலை எடுத்து மூடியைத் திருகிப் பார்ப்பேன். இறுகியிருந்தால் திரும்ப வைப்பேன். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் தருகிறார்கள். வேலை முடிந்த பிறகும் அந்தக் குணம் என்னுடன் பஸ் ஏறி வீட்டுக்கு வருகிறது என்று மனைவி சொல்வாள்.

வேலைக்குப் போகுமுன் காலை ஆறரை மணிக்கு மகளுக்கு வீடியோ கோல் எடுப்பேன். அங்கே அப்போது பின்னேரம், பள்ளிக்கூடம் விட்டிருக்கும். "சாப்பிட்டியோ", "கதவைப் பூட்டினியோ" என்ற இரண்டு கேள்விகளும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரத்துக்குப் பேச வேண்டுமே என்று அவள் ஊர்க்கதை சொல்லத் தொடங்கினாள். அப்படித்தான் நான் அந்த ஊரின் வரலாற்றுக்குள் விழுந்தேன்.

அங்கே இருப்பதே இரண்டு தெரு. கீழ்தெருக்காரர், தேவாலயம் கட்டிய காலத்திலிருந்தே தாங்கள் அங்கே இருப்பதாகச் சொல்வார்கள். மேல்தெருக்காரரின் முன்னோர் நூறு வருடங்களுக்கு முன், இன அழிப்பிலிருந்து தப்பி மேற்கே ஒரு சிறுநகரத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்தவர்கள். அந்த நகரம் இப்போது மூடிய எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வரும்போது ஒரு மூட்டை விதைக் கோதுமை கொண்டுவந்தார்களாம். இன்றைக்கு ஊரில் விளையும் கோதுமை எல்லாம் எங்கள் மூட்டையிலிருந்து வந்தது என்பார்கள் மேல்தெருக்காரர். வந்தபோது மூட்டை வெறுமையாக இருந்தது, எங்கள் கோதுமையைத் தின்றுதான் உயிர் பிழைத்தீர்கள் என்பார்கள் கீழ்தெருக்காரர். இந்தச் சண்டைக்கு நூறு வயது. மூட்டையைப் பார்த்தவர் ஒருவரும் உயிரோடு இல்லை. அதனால் சண்டை நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது.

தேவாலயம் சோவியத் காலத்தில் உரப் பசளை வைக்கும் களஞ்சியமாக இருந்ததாம். இப்போது திரும்பவும் தேவாலயமாகிவிட்டது. ஆனாலும் ஈரமான நாட்களில் சாம்பிராணிக்கும் பசளைக்கும் யார் பெரியவர் என்று போட்டி நடக்கும் என்றாள் மகள். இரண்டு தெருவுக்கும் நடுவில் கல்லால் கட்டிய ஒரு நீரூற்று. செத்துப்போன மகன் ஒருவனின் நினைவுக்காக யாரோ கட்டியது. தண்ணீர் குடிப்பவர்கள் அவனுக்காக ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அந்த மகன் எந்தத் தெரு என்பதிலும் தகராறு.

"இதையெல்லாம் ஒருதரும் எழுதி வைக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"இல்லை அப்பா. அதுதான் நாங்கள் மெப் கீறுறம்."

பிள்ளைகளுக்கு அளவுத்திட்டம், இத்தனை மீட்டருக்கு ஒரு சென்ரிமீட்டர் என்ற கணக்கு, படிப்பிப்பதற்காக, கயிற்றில் முடிச்சுப் போட்டு வீடு வீடாக அளந்து, பள்ளிக்கூடச் சுவரில் ஊரை வரைபடமாகக் கீறுகிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அங்கே யார் இருந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு எழுதுகிறார்கள். கயிறு பிடித்த பிள்ளைகளுக்கு எல்லா வீட்டிலும் சாப்பாடு கிடைக்கிறது. எல்லா வீட்டுக்காரரும் தங்கள் வீட்டைக் கொஞ்சம் பெரிதாகக் கீறச் சொல்லிக் கேட்கிறார்கள். நான் சிரித்தேன். நல்ல பயிற்சி, நானும் படிப்பித்த காலத்தில் இதைச் செய்திருக்கலாம் என்று நினைத்ததோடு அதை மறந்துவிட்டேன்.

மாசி மாதத்தில் ஒரு காலை அவள் குரல் கொஞ்சம் பணிந்து வந்தது.

"அப்பா, அடுத்த வருஷமும் நிக்கேலுமோ எண்டு கேக்கினம்."

"நீ என்ன சொன்னனி?"

"வீட்டிலை கேட்டுச் சொல்லுறன் எண்டன். பங்குனி முடியிறதுக்குள்ளை சைன் பண்ண வேணும். நீங்கள் வேண்டாமெண்டா நான் வாறன் அப்பா."

நிற்கத்தான் போகிறேன் என்று அவள் சண்டை பிடித்திருந்தால் நானும் ஒரு கை பார்த்திருப்பேன். பொறுப்பைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டாள். ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டதற்கு, "வேலை முடியேல்லை அப்பா" என்றாள். வேறு ஏதும் உண்டா என்றேன். "வேறை ஒண்டுமில்லை" என்றாள். என் தொழிலில், ஒன்றுமில்லை என்று சொல்லும் மூடியைத்தான் முதலில் திருகிப் பார்ப்போம்.

போதாததற்கு இங்கே பக்கத்து ஊரான யூனியன்வில்லில் ஓர் அன்ரி இருந்தார். மனைவிக்குத் தூரத்துச் சொந்தம். மகன் பல் வைத்தியர். கார்த்திகையில் ஒருமுறை போன் எடுத்து, "பிள்ளை ஆனியிலை வந்திடுவாதானே தம்பி? இவன்ரை விஷயத்தையும் பாக்க வேணும்" என்று மேலோட்டமாகச் சொல்லி வைத்திருந்தார். நானும் ஓம் ஓம் என்றிருந்தேன். பெரிய கல்யாணப் பேச்சுக்கால் என்று சொல்ல முடியாது. ஒரு கதவைப் பூட்டாமல் சும்மா சாத்தி வைத்தது போல. இப்போது மகள் ஆனியில் வருவாளா என்பதே எனக்குத் தெரியவில்லை. அங்கே யாராவது இருக்கிறானா? அல்லது ஏதும் நோய் வருத்தத்தை மறைக்கிறாளா? அவள் முகத்தைக் கண்ணாடித் திரையில் பார்த்து என்னால் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்குத் திரையில் நம்பிக்கை குறைவு. போரால் ஊரோடு இடம்பெயர்ந்த காலத்தில் பதினொரு நாள் அப்பாவும் அம்மாவும் எங்கே என்று தெரியாமல் இருந்தேன். கடைசியில், சைக்கிளில் வந்த ஒருவர், இன்னொருவர் கண்டதாக ஒருவர் சொன்னதைக் கொண்டுவந்தார். மூன்று வாய் மாறி வந்த அந்தச் செய்தி சரியாக இருந்தது. அன்றிலிருந்து, ஓர் ஆளைப் பற்றி அறிய வேண்டுமென்றால் அந்த ஆளைக் கேட்பதைவிட வழியில் நிற்பவர்களைக் கேட்பதுதான் எனக்குப் பழக்கம்.

வழியில் நிற்பவர் ஒருவர் எனக்கு ஏற்கெனவே இருந்தார். என் காரைத் திருத்தும் மெக்கானிக் ஓர் ஆர்மேனியர். ஸ்காபரோவில் கராஜ் வைத்திருக்கிறார். வாடிக்கையாளரில் பாதிப்பேர் தமிழர் என்பதால் ஆண்களை எல்லாம் "அண்ணை" என்றுதான் கூப்பிடுவார். மிச்சத்தை நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு மாதிரி உடைத்த ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம். அதை இங்கே எனக்குத் தெரிந்த பேச்சில் எழுதுகிறேன். மாதத்துக்கு இரண்டு முறையாவது காரில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று அவரிடம் போவேன். காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சத்தம் காரிலை இல்லை அண்ணை" என்று சொல்லிவிட்டு என் தலையைப் பார்ப்பார்.

முதல் சந்திப்பிலேயே நாங்கள் ஒருவரை ஒருவர் விசாரித்துவிட்டோம். எந்த ஊர் என்று நான் கேட்டேன். அவர் இரண்டு ஊர் சொன்னார். ஒன்று பிறந்தது, மற்றது தன் ஆட்கள் எங்கிருந்து வந்தார்களோ அது. இரண்டாவதை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போதுதான் குரல் உயர்ந்தது. பிறகு அவர் என் ஊரைக் கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். "அது எனக்கும் தெரியும் அண்ணை, இஞ்சை வாற எல்லாரும் அதைத்தான் சொல்லுகினம். யாழ்ப்பாணத்திலை எங்கை?" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அன்று மாசிப் பனியில் காரைக் கொண்டுபோய் நிறுத்தியதும், "திரும்பவும் சத்தமோ அண்ணை?" என்றார்.

"இல்லை. இது பிள்ளையின்ரை விஷயம்."

ஊரின் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. அதனால் அவர் மனம் தளரவில்லை. அவருடைய மனைவியின் ஒன்றுவிட்ட சகோதரி தலைநகரில் இருக்கிறார், அவருக்குத் தெரிந்தவர் அந்த மலைப்பக்கத்துப் பட்டினத்தில் பார்மசி வைத்திருக்கிறார், ஊருக்குப் போகும் மினிபஸ் பார்மசி வாசலில்தான் நிற்கும், மினிபஸ் சாரதிக்குத் தெரியாத வீடு இல்லை. கிரீஸ் ஒட்டிய விரல்களில் எண்ணியபடி இந்தப் பாதையை அவர் போட்டு முடிக்க இரண்டு நிமிடம் ஆகவில்லை.

"என்ன கேக்கோணும்?"

"பிள்ளை எப்பிடி, பழக்கவழக்கம் எப்பிடி, ஆரோடை சேருறா, சுகமாய் இருக்கிறாவோ... எல்லாம்."

"அப்பா கேக்கிறார் எண்டு சொல்லட்டோ?"

"ஐயோ, வேண்டாம். அவவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்று போடுவா. ரொறொன்ரோவிலை ஒரு குடும்பம் விசாரிக்குது எண்டு மட்டும் சொல்லுங்கோ."

அவர் கை துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அப்பிடியே சொல்லட்டோ?"

"அப்பிடியே சொல்லுங்கோ."

அந்தப் பார்வையை நான் கவனித்திருக்க வேண்டும். அப்போது, பெரிய உளவு வேலையைக் கச்சிதமாக முடித்தவன் போல ஒரு கோப்பி வாங்கிக் குடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நாலாம் நாள் மகளின் போன் வேலை செய்யவில்லை. மறுநாளும் இல்லை. இணையத்தில் தேடினேன். அந்த மலைப்பக்கம் முழுக்கப் பனிப்புயல் என்றும் மின்சாரம் இல்லை என்றும் போட்டிருந்தது. மனைவி, "பனி எண்டா பனிதானே, கரண்ட் வந்ததும் எடுப்பா" என்று சொல்லிவிட்டுக் காய் நறுக்கினாள். நான் தொழிற்சாலையில் நல்ல மூடிகளை எல்லாம் பழுது என்று ஒதுக்கினேன். மேற்பார்வையாளர் வந்து என் நெற்றியில் கைவைத்துப் பார்க்காத குறை.

போன் நின்ற மூன்றாம் நாள் பின்னேரம் மெக்கானிக் போன் எடுத்தார். "அண்ணை, ஒருக்கா வாங்கோ." குரல் சரியில்லை.

போனேன். என்னை ஒரு பழைய டயரில் இருத்தினார். தான் நின்றார். ஒருவரை இருக்கச் சொல்லிவிட்டு இன்னொருவர் நிற்பது நல்ல செய்திக்கு அல்ல என்று எனக்குத் தெரியும்.

"பனிக்கு முதலே மினிபஸ் சாரதி விசாரிச்சிட்டு வந்தவராம். பட்டினத்திலை இருந்து இண்டைக்குத்தான் கதை வந்தது."

"உயிரோடை இருக்கிறாவோ?"

"ஓமோம், உயிரோடை இருக்கிறா. ஆனா..." அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பற்றுச்சீட்டை எடுத்தார். பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். "பிள்ளை காலமை எழும்ப மாட்டாவாம். ஊரே எழும்பின பிறகுதான் எழும்புவாவாம்."

"சரி."

"சமையல் ஒண்டும் தெரியாதாம். ரொட்டி போடப் போய் நிலத்திலை தோண்டின அடுப்புக்குள்ளை தலைகீழா விழப் பாத்தவவாம். காலைப் பிடிச்சுத்தான் இழுத்து எடுத்தவையாம்."

நான் டயரை இறுக்கிப் பிடித்தேன்.

"பெரியாக்களுக்கு வாய் காட்டுவாவாம். வாற போற ஆக்களை எல்லாம் கயித்தாலை அளப்பாவாம். பிறகு..." அவர் தாளைத் திருப்பினார். "மாட்டோடை சண்டையாம்."

"என்னது?"

"கீழ்தெருவிலை ஒரு மாடாம். ரெண்டு பேருக்கும் ஒத்துவராதாம். கடைசியிலை ஒரு வசனம் சொன்னவையாம். 'நல்ல குடும்பத்துக்கு இந்தப் பிள்ளை சரிவராது. வேறை இடம் பாருங்கோ.'"

நான் வளர்த்த பிள்ளை! பல்கலைக்கழகத்தில் பரிசு வாங்கிய பிள்ளை. ஐந்து மாதத்தில் அந்த மலைக்காற்று அவளை என்ன செய்துவிட்டது? அடுப்புக்குள் விழப் பார்த்தது உண்மையா? காலில் காயமா? அதைத்தான் மறைக்கிறாளா? எப்படிக் காரோட்டி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. இதை எழுதும்போதுகூட அந்த டயரின் குளிர் கையில் இருக்கிறது.

மனைவியிடம் பற்றுச்சீட்டைக் கொடுத்து, மெக்கானிக்கின் ஆங்கிலக் கிறுக்கலை நானே வாசித்துச் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். மாடு வந்த இடத்தில் கதிரையில் சரிந்து சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் என்ன சொல்லி விசாரிக்கச் சொன்னனீங்கள்?"

"ரொறொன்ரோவிலை ஒரு குடும்பம் விசாரிக்குது எண்டு."

"ஒரு குடும்பம் ஒரு குமர்ப்பிள்ளையை விசாரிக்குது எண்டா எங்கடை ஊரிலை என்ன விளங்குவினம்?"

நான் பற்றுச்சீட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன்.

"அவையள் பொம்பிளை கேட்டு வருகினம் எண்டு நினைச்சிட்டினம். இது கலியாணம் குழப்புற கதை. ஊரிலை மொட்டைக் கடிதம் வாசிச்சதில்லையோ நீங்கள்? 'பெட்டைக்கு வலிப்பு, தாய்க்கு வாய்' எண்டு வருமே. பிள்ளையை விட விருப்பமில்லாத ஆரோ சொல்லி விட்டிருக்கினம்."

"ஆர்மேனியரும் உதெல்லாம் செய்வினமோ?"

"ஏன், உது எங்கடை மட்டும் எண்டு நினைச்சனீங்களோ?"

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனால் நம்ப முடியவில்லை. அந்த அடுப்பு மனதை விட்டுப் போக மறுத்தது. கல்யாணம் குழப்புகிறவன் பொதுவாக நோய் சொல்வான், நடத்தை சொல்வான், தலைகீழாக அடுப்பு என்று சொல்ல மாட்டான். அதில் ஏதோ ஒரு நேரில் பார்த்த வாசனை இருந்தது.

மறுநாள் காலை ஆறரைக்குத் திரை வெளிச்சமானது. மகள் இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, அடுப்படியில், முழுதாக இருந்தாள். பின்னால் ஒரு மூலையில் எரிப்பதற்கு அடுக்கிய வரட்டி தெரிந்தது. அவள் குடியிருக்கும் வீட்டின் அம்மாவும் பக்கத்தில் இருந்தார். அறுபது வயதிருக்கும், அகலமான தோள், மேல்தெருக்காரர். என்னைக் கண்டதும் வழக்கம்போலக் கை அசைத்தார்.

"அப்பா, கரண்ட் இப்பத்தான் வந்தது. பயந்திட்டீங்களோ?"

நான் தயாரித்து வைத்திருந்த சாமர்த்தியமான கேள்விகள் எல்லாம் பறந்தன. "காலைக் காட்டு" என்றேன்.

"என்ன?"

"அடுப்புக்குள்ளை விழப் பாத்தனியாமே? காலமையும் எழும்புறேல்லையாமே?"

அவள் முகம் உறைந்தது. பிறகு மெதுவாக, "அப்பா. ரொறொன்ரோவிலை இருந்து ஆரோ என்னைப் பொம்பிளை கேட்டு விசாரிச்சவை எண்டு ஊர் முழுக்கக் கதை. அது நீங்களோ?" என்றாள்.

"நான் பொம்பிளை கேக்கேல்லை."

"ஓ மை கோட், அப்பா!"

வீட்டுக்கார அம்மா என்ன என்று கேட்டிருக்க வேண்டும். மகள் அவர்கள் மொழியில் சொன்னாள். அந்த அம்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டார். எங்கள் சமையலறையில் இருந்த மனைவி ஓடி வந்தாள். அதன் பிறகு அந்த அம்மா நிறுத்தாமல் பேச, தன்னைப் பற்றிய அவதூறை மகளே எங்களுக்கு மொழிபெயர்க்க வேண்டிய நிலை.

நடந்தது இதுதான். மினிபஸ் சாரதி வந்து கனடாவில் ஒரு குடும்பம் ஆசிரியையைப் பற்றி விசாரிக்கிறது என்றதும் ஊர் நீரூற்றடியில் கூடியது. நூறு வருடத்தில் முதல்முறையாக மேல்தெருவும் கீழ்தெருவும் ஒரே கருத்தில் நின்றன. மாப்பிள்ளை வீட்டாரைத் துரத்த வேண்டும். என்ன சொல்லித் துரத்துவது? நோய் சொல்லக் கூடாது, பிள்ளைக்குக் கண் பட்டுவிடும். நடத்தையைத் தொடக் கூடாது, அது பாவம். குறை சின்னதாக இருக்க வேண்டும், ஆனால் மாமியார் ஒருத்தியால் தாங்க முடியாததாக இருக்க வேண்டும். மேல்தெரு அடுப்பைக் கொடுத்தது. கீழ்தெரு, அதற்குக் குறையக் கூடாது என்று, மாட்டைக் கொடுத்தது.

"அடுப்பு உண்மையோ?" என்றேன்.

"கொஞ்சம் உண்மை" என்றாள் மகள். "குனிஞ்சு ரொட்டியை ஒட்டேக்கை சறுக்கினது. உவதான், இந்த அம்மா, காலைப் பிடிச்சவ."

"மாடு?"

"மாடு முழு உண்மை. அதுக்கு என்னைப் பிடிக்காது."

"அங்கை... ஆரும் இருக்கினமோ பிள்ளை?" கேட்டே விட்டேன்.

"அப்பா, இஞ்சை கலியாணம் கட்டாத ஆம்பிளையள் ரெண்டே ரெண்டு பேர். ஒருத்தருக்கு எழுபத்திரண்டு வயசு. மற்றவர் மூண்டாம் வகுப்பு. மிச்சப் பேர் எல்லாம் ரஷ்யாவிலை வேலை."

மனைவி திரும்பவும் சிரிக்கத் தொடங்கினாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. திரைக்குக் கிட்ட வந்தார். அவர் மூக்கு மட்டும் தெரிந்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டு மொழிபெயர்த்தாள்.

"சொல்லுறா... நீங்கள் தகப்பன் எண்டு தெரிஞ்சிருந்தா உண்மையைச் சொல்லியிருப்பாவாம். பிள்ளை தங்கமாம். ஊருக்கு முதல் எழும்புறது இவதானாம். மன்னிக்கட்டாம்."

"பரவாயில்லை எண்டு சொல்லு."

"இன்னும் சொல்லுறா... கீழ்தெரு மெப்பிலை கீறி முடிஞ்சுதாம். மேல்தெருவிலை பாதி வீடு இல்லை. பனி வந்திட்டுது. பனி உருகினா எல்லாரும் விதைக்கப் போயிடுவினம், கோடையிலைதான் ஆறுதலா அளக்கலாம். உவவின்ரை வீடு கடைசி. ஆர் ஆர் வண்டியிலை வந்தவை, எந்த ஊரிலை என்ன தெருவிலை இருந்தவை எண்டு முழுக்கத் தெரிஞ்ச ஆள் இப்ப உவ ஒருத்திதான். நான் ஆனியிலை போனா மெப் அப்பிடியே நிண்டிடும். பிறகு கீழ்தெருக்காரர் சுவரைக் காட்டிச் சொல்லுவினமாம், பாருங்கோ, மேல்தெரு எண்டு ஒண்டு இருக்கேல்லை எண்டு."

மகள் நிறுத்தினாள். பிறகு தன் சொந்தக் குரலில், "அதுதான் அப்பா. வேறை ஒண்டுமில்லை" என்றாள்.

முன்பும் அவள் இதைத்தான் சொல்லியிருந்தாள். வேலை முடியேல்லை. வேறை ஒண்டுமில்லை. ஒரு மூடியைத் திருகிப் பார்க்க நான் அரை உலகத்தைச் சுற்றிப் போயிருக்கிறேன். அது இறுகித்தான் இருந்தது.

ஆனாலும் அன்று ஓம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னொரு வருடக் காலைகள் ஆறரை மணி. இன்னொரு பனிப்புயல். அந்த அடுப்பு வேறு அங்கேயே இருக்கிறது. மெக்கானிக்கிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "நான் நினைச்சன், மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரிக் கேட்டுப் பாக்கிறதுதான் உங்கடை முறையாக்கும் எண்டு" என்றார். பிறகு காரின் மூடியைத் திறந்து, நான் கேட்காமலே எண்ணெய் பார்த்தார்.

பங்குனி கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை யூனியன்வில் அன்ரி போன் எடுத்தார். மனைவி எதிரில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, பிள்ளை ஆனியிலை வந்திடுவாதானே? இவனும் லீவு எடுக்க வேணும். பிள்ளையைப் பற்றி உங்களிட்டை நேரை கேக்கிறதுதானே முறை. எப்பிடி, பொறுப்பான பிள்ளையோ?"

கேட்டது என்னை. நீரூற்றடியில் கூடியிருந்த நாற்பத்தொரு வீட்டுக்காரரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது போல இருந்தது.

"அன்ரி, உங்களுக்கு ஒளிக்கக் கூடாது" என்றேன். "பிள்ளை காலமை எழும்ப மாட்டா."

வெங்காயம் உரித்த கை நின்றது.

"அது இப்பத்தைப் பிள்ளையள் எல்லாம் அப்பிடித்தானே தம்பி."

"சமையலும் தெரியாது. ரொட்டி போடப் போய் அடுப்புக்குள்ளை தலைகீழா விழப் பாத்தவ. காலைப் பிடிச்சு இழுத்தவை."

"ஐயோ! அது... பழகினாச் சரிவரும்."

அன்ரி சுலபத்தில் விடுகிற ஆள் இல்லை. நான் மூச்சை இழுத்தேன்.

"மாட்டோடையும் சண்டை, அன்ரி."

"மாடோ?"

"ஓம். இண்டைக்கும் ரெண்டு பேரும் கதைக்கிறேல்லை."

"நான் பிறகு எடுக்கிறன் தம்பி" என்று அன்ரி போனை வைத்தார்.

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டு விழும் என்று காத்திருந்தேன். புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, அது வெங்காயத்தால்தான் என்று நினைக்கிறேன், "மாட்டை முதலிலையே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

மகளுக்கு எழுதினேன். சைன் பண்ணு. முதலிலை அந்த அம்மாவின்ரை வீட்டைக் கீறு. அடுப்படிக்குப் போகாதை.

இரண்டு வாரம் கழித்து ஒரு படம் வந்தது. பள்ளிக்கூடச் சுவர். கோடை வரும்வரை பொறுக்காமல் அந்த அம்மா பனிச்சேற்றுக்குள்ளேயே பிள்ளைகளைக் கயிற்றோடு கூட்டிப்போய்த் தன் வீட்டை அளப்பித்திருக்கிறார். கீழ்தெரு நேர்த்தியாக இருந்தது. மேல்தெருவின் நுனியில் தனியாக ஒரு வீடு, உள்ளே பொடி எழுத்தில் நிறையப் பெயர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கீழே எழுதியிருந்த அளவுத்திட்டத்தோடு ஒத்துப் பார்த்தேன். அந்தக் கணக்குப்படி அந்த வீடு தேவாலயத்தைவிடப் பெரியது.

நல்லாயிருக்கு என்று மட்டும் பதில் எழுதினேன்.